முகப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,



தொடர் தொடங்கியதும் திரையின் மூலையில் எட்டிப் பார்க்கிற ‘ஸ்கிப் இன்ட்ரோ’ பொத்தானை ஒரு கணமும் யோசிக்காமல் அழுத்திவிட்டுக் கதைக்குள் போய்விடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். உங்களில் ஒருவன் என் அண்ணன் மகன்.

போன தீபாவளி லீவுக்கு வந்திருந்தான். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, "ஏதாவது நல்லதா போடுங்க சித்தப்பா" என்றான். ‘ட்வின் பீக்ஸ்’ போட்டேன். முதல் பகுதி ஒன்றரை மணி நேரம் ஓடும். அசையாமல் பார்த்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் இரவு அடுத்த பகுதி. மரக்கிளையில் அந்தக் குருவி தெரிந்தது. அடியில் அந்தக் கனத்த கிதார் பேச ஆரம்பித்தது. அவ்வளவுதான். ரிமோட் அவன் கையில் இருந்தது. குருவி மறைந்து கதை வந்துவிட்டது.

"ஏண்டா?" என்றேன்.

"அதான் நேத்தே கேட்டாச்சே சித்தப்பா. அதே பாட்டுதானே?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை. "சரி, பாரு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அவன் ஊருக்குப் போய்ப் பல மாதமாகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவனுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியதால் உங்கள் எல்லோருக்கும்.

முதலில், அவன் தாண்டிப் போனது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுமார் ஒன்றரை நிமிடம். கிளையில் ஒரு சின்னக் குருவி. அது கரைந்து மர ஆலையின் புகைபோக்கிகள் வருகின்றன. பிறகு ஆலைக்குள் போகிறோம். ரம்பத்தின் பற்களைத் தானாகவே தீட்டும் இயந்திரம் ஒன்று. சாணைச் சக்கரம் இறங்கி வந்து ஒரு பல்லைத் தொடுகிறது, பொறி பறக்கிறது, சக்கரம் விலகுகிறது, ரம்பம் ஒரு பல் நகர்கிறது. மறுபடி சக்கரம், மறுபடி பொறி. அங்கே நின்றால் காது கிழிந்திருக்கும். ஆனால் ஆலையின் இரைச்சல் நமக்கு எட்டுவதில்லை. அந்தப் பொறிகளின் மேல் இசை மட்டும் மெத்தென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம் சாலையோரத்தில் ஊரின் பெயர்ப்பலகை, மக்கள்தொகை 51,201 என்று. பிறகு அருவி. கடைசியில் சலனமே தெரியாமல் நகரும் ஆற்று நீர். பெயர்கள் பச்சை விளிம்பிட்ட எழுத்துகளில் வந்து வந்து போகும். ஓர் ஆள்கூட முகம் காட்டுவதில்லை. யாரும் ஓடுவதில்லை, யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை. ஒரு கொலைக் கதையின் முகப்பு இது!

1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் முதல் பகுதி வந்தது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர். முதல் பகுதியை வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்நோகுவால்மி, நார்த் பெண்ட் பக்கத்து மலையூர்களில் எடுத்தார்கள். லாரா பால்மர் என்ற பள்ளி மாணவி பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்ட பிணமாகக் கரை ஒதுங்குகிறாள். அவளை யார் கொன்றது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவே அதைப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டே பருவம், 30 பகுதிகள், 1991 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது, உலகம் முழுக்க. (கொலையாளி யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பயப்படாமல் மேலே படிக்கலாம்.)

எனக்கு அந்தக் கொலை, அந்த ஊர், அந்த அருவி எதுவும் தெரிவதற்கு முன்னாலேயே இசை தெரியும். 1992ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். ஓர் அறைக்கு மூன்று பேர். கூட இருந்தவர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். யாரோ யாரிடமோ வாங்கிப் பதிவு செய்த நகல். அட்டையில் நீல மையில் ‘ட்வின் பீக்ஸ்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை. அது ஒரு டிவி தொடரின் இசை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ வெள்ளைக்கார இசைக்குழுவின் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன்.

மே மாதப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்து வாக்மேனில் அதைக் கேட்பேன். கீழே பெல்ஸ் ரோடு இரைந்துகொண்டிருக்கும். காதுக்குள் மட்டும் ஒரு குளிர்ந்த ஊர். நெட்டை நெட்டையாக மரங்கள். மழை பெய்து ஓய்ந்த ஈரம். தூரத்தில் எங்கேயோ தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஊரில் யாரோ ஒருத்தர் இறந்துபோயிருக்கிறார் என்றும் தோன்றும். ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது. கேசட் நாடா ஒருநாள் வாக்மேனுக்குள் சிக்கிக் கசங்கியது. பென்சிலை விட்டுச் சுற்றி நேராக்கி அப்புறமும் கேட்டேன். கசங்கிய இடத்தில் மட்டும் சுரம் ஒரு வினாடி தள்ளாடும்.

பதினைந்து வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் டிவிடியில் தொடரைப் பார்த்தேன். பெயரைப் பார்த்ததுமே நெஞ்சு அடித்துக்கொண்டது. குருவி, புகைபோக்கி, பொறி, அருவி. மொட்டை மாடியில் நான் பார்த்த மரங்கள், நான் கேட்ட தண்ணீர். இறந்துபோன ஒருத்தியும் இருந்தாள். கிதார் மூன்றாவது முறை திரும்பி வருகிற இடத்தில், அந்தப் பழைய கசங்கல் தள்ளாடும் என்று என் காது தானாகவே காத்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், டைட்டில் இசையைக் கதைக்கு ஒட்டிய ரேப்பர் மாதிரி நீங்கள் நினைக்கிறீர்கள். பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்தத் தொடரில் ஊரே அதற்குள்தான் இருந்தது. படமில்லாமல், கதையில்லாமல், மொழியில்லாமல், ஒரு நகல் கேசட்டில் ஏறி அந்த ஊர் திருவல்லிக்கேணி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அது எப்படி முடிந்தது? அதைச் செய்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏஞ்சலோ பதலமென்டி. 1937ல் புரூக்ளினில் பிறந்தவர். சிசிலியிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு மீன் கடை. பையன் இளவயதில் கோடை விடுமுறைகளில் கேட்ஸ்கில் மலை விடுதிகளுக்குப் போய் அங்கே வரும் பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பார். இசை படித்து முடித்த பிறகு புரூக்ளினில் பள்ளிக்கூட வாத்தியாராகச் சில காலம். பக்கவாத்தியக்காரராகவே வளர்ந்தவர் என்று சொல்லலாம். எதிரில் இருப்பவர் அடுத்து எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார் என்று கவனித்துக் கூடவே போகிற பழக்கம் கையில் ஊறியவர். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர் என்று நான் நம்புகிறேன்.

லிஞ்சிடம் அவர் வந்து சேர்ந்ததும் அப்படித்தான். 1986ல் வந்த ‘ப்ளூ வெல்வெட்’ படத்தில் இசபெல்லா ராஸெல்லினி ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவருக்குப் பாடச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது பதலமென்டியைக் கூப்பிட்டார்கள். அந்தப் படத்துக்கு லிஞ்ச் வேறொரு பாட்டை ஆசைப்பட்டார், உரிமை கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்று செய்வோம் என்று லிஞ்ச் வரிகளை எழுதிக் கொடுக்க, பதலமென்டி மெட்டமைத்தார். பாட ஒரு குரல் வேண்டும், இந்த உலகத்தில் இல்லாத மாதிரி ஒரு குரல். அப்போது பதலமென்டிக்குத் தெரிந்த நாடகப் பாடகி ஜூலி க்ரூஸ். மேடையில் ஓங்கிப் பாடியே பழகியவர், ஜானிஸ் ஜாப்ளினாகக்கூட வேடம் கட்டியவர். அவர் குரலை அடக்கி அடக்கி, காற்றில் மிதக்கும் பஞ்சு மாதிரி ஆக்கிக்கொண்டு பாடினார். மூவரும் அப்படி ஒன்று சேர்ந்தார்கள்.

1989ல் ஜூலி க்ரூஸின் முதல் ஆல்பம் வந்தது. அதில் ‘ஃபாலிங்’ என்று ஒரு காதல் பாட்டு. அந்தப் பாட்டின் சொற்களை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டதுதான் உங்கள் கட்டைவிரல் தாண்டிப் போகிற அந்த இசை. தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே அது ஒரு பாட்டாகப் பிறந்து, ஒருத்தி வாயால் பாடப்பட்டு, மூச்சு வாங்கி முடித்திருந்தது. கொலைக் கதைக்கென்று செய்த இசையாக இருந்திருந்தால் பயமுறுத்தியிருக்கும். இது காதலில் விழுவதைப் பாடிய மெட்டு. அதனால்தான் ரம்பப் பல்லின் மேல் பொறி பறக்கும்போதுகூட யாரோ யாரையோ நேசிக்கிறார்கள் என்ற உணர்வு நமக்குள் வருகிறது. சொல்லில்லாத அந்த வடிவத்துக்கு 1991ல் கிராமி விருதும் கிடைத்தது.

இன்னொரு மெட்டு லாராவுக்கானது. அது பிறந்த கதையைப் பதலமென்டியே கேமரா முன்னால் உட்கார்ந்து, வாசித்துக் காட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து நான் ஒரு பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் ஃபெண்டர் ரோட்ஸ் என்கிற மின் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் லிஞ்ச். ஒரு காட்சி எடுக்கவில்லை, காட்டுவதற்கு ஒரு படத்துண்டும் இல்லை. லிஞ்ச் பேச மட்டும் செய்கிறார். இருட்டுக் காட்டில் தனியாக இருக்கிறோம் ஏஞ்சலோ, மரங்களுக்குள் மெல்லக் காற்று வீசுகிறது, நிலா இருக்கிறது, ஆந்தை கத்துகிறது என்கிற மாதிரி. பதலமென்டியின் இடது கை மந்தர ஸ்தாயியில் இரண்டு மூன்று கனத்த சுரங்களில் ஊர்கிறது. லிஞ்ச் அதுதான் என்கிறார், ஆனால் இன்னும் மெதுவாக. இவர் மெதுவாக்குகிறார். இன்னும் மெதுவாக. பிறகு மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்கிறார். தனிமையில் தவிக்கிற அழகான பெண். நம்மை நோக்கி வருகிறாள். இப்போது வலது கை சேர்கிறது. இருட்டிலிருந்து ஒரு சுரம் மேலே ஏறுகிறது. கிட்டே வருகிறாள், இன்னும் கிட்டே. கை படிப்படியாக ஏறுகிறது, உச்சியை எட்டுகிறது, அங்கே நெஞ்சு உடைகிற மாதிரி விரிகிறது. பிறகு அவள் திரும்பிக் காட்டுக்குள் போகத் தொடங்குகிறாள். சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கடைசியில் பழைய இருட்டு, பழைய இடது கை. லிஞ்ச் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். ஒரு சுரத்தைக்கூட மாற்றாதே என்கிறார்.

மாற்றவில்லை. ஒரு பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின்காரர் பின்தொடர்வாரே, அதே மாதிரி ஒருவர் பேச்சைப் பின்தொடர்ந்து வாசித்தது அது. முதல் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் அந்தப் பிளாஸ்டிக் தாளை விலக்குகிறார்கள். நீலம் பாரித்த முகம். இருட்டிலிருந்து சுரம் ஏறுகிறது. யாரோ ஒரு பிணம் என்று தொடங்கிய காட்சி, அந்த ஏற்றத்தில்தான் ‘நம்ம லாரா’ ஆகிறது. அவளை நாம் உயிரோடு பார்த்ததே கிடையாது. ஆனாலும் அழுகை வருகிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். இரண்டு தெரு தள்ளி அடுப்படியில் இருக்கிற பாட்டி அதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். சாமி வர இன்னும் முக்கால் மணி நேரமாகும். ஆனால் அவள் கோலத்தைப் பார்த்துச் சரி செய்வாள், விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பாள், தலையைக் கோதிக்கொள்வாள். மல்லாரி கேட்ட நேரத்திலிருந்து அவள் வேறு மனுஷி. போன வருடமும் அதே மல்லாரிதான். "அதான் போன வருஷமே கேட்டாச்சே" என்று அவளிடம் யாராவது சொன்னால் அந்தப் பேச்சே அவளுக்குப் புரியாது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அதே பாட்டுதான். அதைத் தொடர் முழுக்க அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கவனி.

ட்வின் பீக்ஸின் இசை ஒரு பெரிய மூட்டை கிடையாது. அடிப்படையில் ஒரு சில மெட்டுகள்தான். டைட்டில் மெட்டு, லாராவின் மெட்டு, ஆட்ரி என்ற பெண்ணுக்கு ஒரு சோம்பலான நடன மெட்டு, துப்பறிகிற காட்சிகளுக்கு விரல் சொடுக்கலும் பேஸும் பிரஷ்ஷால் வருடிய டிரம்ஸுமாக ஒரு ஜாஸ். இவற்றை மொத்தமாகவும் பதிவு செய்தார்கள், வாத்தியம் வாத்தியமாகப் பிரித்தும் வைத்துக்கொண்டார்கள். இசைத் தொகுப்பாளர் லோரி எஷ்லர் அந்தத் துண்டுகளைக் காட்சிக்குக் காட்சி வேறு வேறு விதமாகச் சேர்த்தார். ஓரிடத்தில் வைப்ராஃபோன் மட்டும், ஓரிடத்தில் பேஸ் மட்டும், ஓரிடத்தில் சாக்ஸஃபோன் தனியாக. 2011லும் 2012லும் லிஞ்ச் இந்தக் கிடங்கைத் திறந்து 212 துண்டுகளை வெளியிட்டார். நான் வரிசையாக உட்கார்ந்து கேட்டேன். பருப்பு, புளி, மிளகாய் தனித்தனியாக அஞ்சறைப் பெட்டியில் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. தினம் தினம் சாப்பிட்ட குழம்பெல்லாம் இந்த ஆறேழு பொருளில் வைத்ததுதானா!

அப்படி வைத்ததால் என்ன ஆகிறது தெரியுமா? முழு மெட்டு உன் காதில் ஏற்கெனவே ஊறியிருந்தால், எங்கேயோ ஒரு காட்சியில் அடியில் பேஸ் மட்டும் நகரும்போதே மீதி மெட்டை உன் மனசு பாடிவிடும். இசை வராத இடத்திலும் இசை கேட்கும். ஊறவில்லை என்றால் அது வெறும் பேஸ் சத்தம். முகப்பில் வாரா வாரம் உன்னை உட்கார வைத்தது இதற்குத்தான்.

ஆட்ரி உணவகத்தில் ஜூக் பாக்ஸில் தன் மெட்டையே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், மேஜைகளுக்கு நடுவில் கண்ணை மூடி ஆடுவாள். ஷெரிலின் ஃபென் நடித்த காட்சி. பின்னணியில் நமக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இசை, அந்த ஊர்க்காரர்களுக்கும் கேட்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதே மாதிரி ‘ரோட்ஹவுஸ்’ என்ற மதுவிடுதியின் மேடையில் ஜூலி க்ரூஸே நின்று பாடுவார். முதல் பகுதியில் அவர் பாடுவது ‘ஃபாலிங்’. முகப்பில் சொல்லில்லாமல் கேட்டதற்கு இங்கே சொல் வந்து சேர்கிறது. முகப்பைத் தாண்டி வந்தவருக்கு யாரோ ஒருத்தி மேடையில் பாடுகிறாள், அவ்வளவுதான்.

1990 நவம்பர் 10ல் வந்த பகுதி இருக்கிறது. கொலையாளி யாரென்று பார்ப்பவருக்குத் தெரியவரும் பகுதி. அதில் ஒரு பக்கம் தாங்க முடியாத ஒன்று நடக்கிறது. இன்னொரு பக்கம் ரோட்ஹவுஸில் ஜூலி க்ரூஸ் பாடிக்கொண்டிருக்கிறார். அங்கே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் காரணம் தெரியாமலே ஒருத்தி அழ ஆரம்பிக்கிறாள், மது அருந்திக்கொண்டிருந்த இன்னொருவன் முகம் உடைகிறது. துக்கச் செய்தி பாட்டு வழியாகப் போய்ச் சேர்கிறது. தொலைக்காட்சியில் இதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் எல்லோரோடும் ஒரு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் இந்தப் பொத்தானைக் கொண்டுவந்தது 2017ல். சராசரியாக ஒரு நாளைக்கு 13.6 கோடி முறை அது அழுத்தப்படுகிறது என்று 2022ல் அந்த நிறுவனமே சொன்னது. அதனால் மிச்சமாகிற நேரத்தைக் கூட்டினால் 195 வருடமாம். கேட்க மலைப்பாக இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். ஓர் அழுத்தலுக்கு 45 வினாடி. அந்த 45 வினாடியை மிச்சம் பிடித்து நாம் என்ன செய்தோம்? அடுத்த பகுதியை 45 வினாடி முன்னால் தொடங்கினோம். அங்கேயும் பொத்தானை அழுத்தினோம்.

வேலை முடிந்து இரவு பதினோரு மணிக்கு வந்து, சாப்பிட்டபடியே அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்கு 45 வினாடியும் காசுதான், அதை நான் மறுக்கவில்லை. எல்லாத் தொடருக்கும் கேட்கவும் இல்லை. கடமைக்கு நாலு தட்டுத் தட்டி, நடிகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்துச் சிரிக்கச் சொல்கிற முகப்புகள் ஏராளம். அவற்றைத் தாராளமாகத் தாண்டுங்கள். இந்த முகப்பு இசை, ஒரு காதல் பாட்டாகப் பிறந்து சொல்லை மட்டும் உதிர்த்துவிட்டு வந்தது. இதை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பொத்தான் வந்த அதே 2017ல், மே மாதம், ட்வின் பீக்ஸும் திரும்பி வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 18 பகுதிகள். முகப்பில் படங்களை மாற்றியிருந்தார் லிஞ்ச். மூடுபனிக் காடு, மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி அருவி, அலையடிக்கும் சிவப்புத் திரை. இசையை மாற்றவில்லை. அதே மெட்டு. ஆனால் முகப்பு முடிந்ததும் பழைய இசை காணாமல் போய்விடும். நீண்ட நீண்ட மௌனங்கள், மின்சாரம் உறுமுகிற சத்தம், காற்று. ஒலி வடிவமைப்பையும் லிஞ்சே செய்திருந்தார். லாராவின் மெட்டு எங்கே என்று முதல் பகுதியில் தேடினேன். இல்லை. இரண்டாவதில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. பிடிவாதமாக மறைத்து வைத்திருந்தார்.

நாலாவது பகுதி. காவல் நிலையத்தில் ஒரு மேஜை. பழைய வழக்கின் பொருள்களை எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு பாபி வருகிறான். பள்ளி நாளில் லாராவின் காதலன், அடங்காத பையன். இப்போது முழு நரை, போலீஸ் உடுப்பு. மேஜையைப் பார்க்கிறான். அங்கே அவளுடைய அந்தப் படம், தலையில் சிறு கிரீடம், அதே புன்னகை, பதினேழு வயதிலேயே நின்றுவிட்ட முகம். இசை தொடங்குகிறது. அந்த இடது கை, அந்த இருட்டு. பாபியின் உதடு கோணுகிறது. சுரம் ஏறுகிறது. அறையில் மற்றவர்கள் நிற்கும்போதே அவன் உடைந்து அழுகிறான்.

பாபிக்கு அந்தப் படம் செய்ததை நமக்கு அந்த மெட்டு செய்கிறது. 1990ல் பெரும்பாலான வாரங்களில் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது அதே படம் திரையில் நிற்க, அதே மெட்டுதான் கீழே ஓடும். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த பாரம் அந்த ஒரு நிமிடத்தில் மொத்தமாக இறங்குகிறது. அந்த நிமிடத்தை லிஞ்ச் 2017ல் செய்யவில்லை தம்பி. வாரா வாரம், அதே பாட்டை, அதே இடத்தில் போட்டுப் போட்டு, 1990லேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்.

முடிவில் வரும் பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்கு நானும் அவனும் பார்த்த தளத்தில் கடைசிக் காட்சி முடிந்ததுமே லாராவின் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விட்டது. அடுத்த பகுதிக்கு எண்ணிக்கை ஓடத் தொடங்கியது, ஐந்து, நான்கு, மூன்று. ரிமோட்டைத் தேடி எடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதற்குள் மெட்டு பாதி போய்விட்டது. முகப்புக்காவது பொத்தான் நம் கையில் இருக்கிறது. முடிவில் அதுகூட இல்லை, அதுவே தாண்டிவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய் ‘அடுத்தது தானாக ஓடட்டும்’ என்பதை அணைத்து வைத்தால் பெரும்பாலான தளங்களில் இது நிற்கும். எனக்கு நின்றது. செய்து பாருங்கள்.

2022 ஜூனில் ஜூலி க்ரூஸ் போனார். அதே வருடம் டிசம்பரில் பதலமென்டி. 2025 ஜனவரியில் லிஞ்ச். அந்த இசையை ஒரு அறையில் உட்கார்ந்து செய்த மூன்று பேரும் மூன்று வருடத்துக்குள் இல்லாமல் போனார்கள். லிஞ்ச் போன செய்தி வந்த இரவு நான் தொடர் எதையும் போடவில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஹெட்போனில் அந்த முதல் மெட்டை மட்டும் கேட்டேன். வாக்மேன் இல்லை, ஃபோன்தான். கசங்கல் இல்லாமல் சுத்தமாக ஓடியது.

என் வேண்டுகோள் சின்னது. இன்று இரவோ அடுத்த சனிக்கிழமையோ, ட்வின் பீக்ஸின் ஏதாவது ஒரு பகுதியைப் போடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடியில் நகர்கிற கிதார் அதில் பாதிதான் கேட்கும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணமானது போதும். விளக்கை அணையுங்கள். பொத்தான் வரும், ஓரத்தில் சில வினாடி நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். ரம்பத்தின் பற்களை எண்ணிக்கொண்டிருங்கள். போகப் போக இசை மேலே ஏறத் தொடங்கும். ஆற்றுக்கு வந்து சேரும்போது உங்கள் மூச்சு எந்த வேகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பகுதியிலும் அப்படியே.

தம்பி, பொங்கலுக்கு வருகிறாய் என்று உன் அப்பா சொன்னார். நாம் மூன்றாவது பகுதியோடு நிறுத்தியிருக்கிறோம். ஹெட்போன் இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். ரிமோட் உன் கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்,
அவனுக்குச் சித்தப்பா